எல்லோரும் தலையாட்டிய விருந்து

சென்னை மகளிர் கல்லூரி ஒன்றில் உளவியல் கற்பிக்கும் ஜூலியட் ஃபிரெட்ரிக், ஒவ்வோர் ஆண்டும் வகுப்புகள் தொடங்கிய சில நாள்களில், புதிய மாணவியர் ஐந்தாறு பேரை அடையாறு பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் செல்வார். எதிர்ப்புறக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மூடியே கிடக்கும் ஒரு சன்னலை அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பேசக் கூடாது, கைநீட்டிக் காட்டவும் கூடாது. சற்று நேரத்தில் பூ விற்பவர் நிமிர்ந்து பார்ப்பார். பேருந்துக்குக் காத்திருப்போர் பார்ப்பர். இளநீர் சீவுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். ஒருமுறை போக்குவரத்துக் காவலர் ஒருவரும் வந்து நின்று, "இன்னாம்மா கீது மேல?" என்று ஒரு மாணவியிடம் கேட்டார். மாணவி வாய் திறக்கும் முன்பே பக்கத்தில் நின்ற ஒருவர், "யாரோ குதிக்கப் போறாங்களாம் சார்" என்று தெரிவித்துவிட்டார்.

கல்லூரிக்குத் திரும்பியதும், "அத்தனை பேரும் எதைப் பார்த்தார்கள்?" என்று ஜூலியட் கேட்பார். சன்னலை என்று மாணவியர் விடையளிப்பர். "சன்னலில் என்ன இருந்தது? அவர்கள் உங்களைப் பார்த்தார்கள்" என்பார் அவர். சமூக உளவியலில் அவருடைய முதல் பாடம் அவ்வளவுதான். மனிதர் பிறர் முகத்தைப் பார்த்தே உலகத்தைப் படிக்கின்றனர் என்பதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்ட மாணவிக்கு, மற்ற கோட்பாடுகளைச் சொல்லிப் புரியவைப்பது எளிது என்பது அவர் கருத்து.

ஜூலியட்டின் வீடு சாந்தோமில், கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் உள்ளது. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அக்குடும்பம் அங்கேதான் வாழ்கிறது. கணவர் ஃபிரெட்ரிக் கப்பல் நிறுவனமொன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஊர்ல இருக்கிற மனசெல்லாம் படிச்சிட்ட. காபிக்காக ஒரு மனுஷன் உக்காந்திருக்கிறது மட்டும் உனக்குத் தெரியல" என்பது அவர் வாரம் ஒருமுறையேனும் சொல்லும் வசனம்.

அந்தச் சந்திலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் வாழும் கத்தோலிக்கக் குடும்பத்தினர் நாங்கள் கூடி ஓர் அன்பியமாக இயங்குகிறோம். பங்குக் கோவிலைச் சேர்ந்த அண்டை வீட்டார் மாதம் ஒரு மாலை ஒருவர் வீட்டில் கூடி, நற்செய்தி வாசித்து, மன்றாட்டுச் சொல்லிக் கலையும் சிறு குழுவுக்கே அன்பியம் என்று பெயர். கூட்டத்தின் முடிவில் தேநீர் கொடுக்கலாம் என்பதுதான் தொடக்கத்தில் இருந்த வழக்கம். பிறகு ஒருவர் தேநீருடன் வடை வைத்தார். அடுத்தவர் வடையோடு கேசரியும் வைத்தார். அதற்கடுத்தவர் வெறும் கேசரியோடு நிறுத்துவது மரியாதையன்று என்று எண்ணிக் கட்லெட் செய்தார். இப்படியே வளர்ந்து, இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்து, கடைசியில் பிரியாணியும் வந்து சேர்ந்தது. இவ்வாறு செய்ய வேண்டும் என்று எவரும் தீர்மானித்ததில்லை. நிறுத்தலாம் என்று எவரும் சொன்னதுமில்லை.

இவ்விருந்தை அந்தந்த வீட்டாரே சமைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒருமுறை ஒரு வீட்டில் தியாகராய நகரிலிருந்து சமோசா வாங்கி வந்து வைத்தனர். அன்பியத்தின் பொறுப்பாளர் ஞானதாஸ், சாந்தோமிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு சமோசாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, மன்றாட்டையும் கடையிலதான் வாங்கினீங்களா?" என்றார். வீடே சிரித்தது. அந்த ஒரு சிரிப்புக்குப் பிறகு எங்கள் அன்பியத்தில் யாரும் கடைப் பலகாரம் வாங்கியதில்லை.

சமையலில் எல்லோரையும் விஞ்சியவர் சந்தின் கடைசி வீட்டில் தனியாக வாழும் மர்சலின். ஜூலியட்டும் அவரும் பள்ளித் தோழியர். மர்சலினின் கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் ஸ்டீவ் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். மர்சலினின் முறை வரும் மாதத்தில் கூட்டத்துக்கு வராதவர்கள்கூட அவருடைய கட்லெட்டுக்காக வந்துவிடுவர். இந்த ஆண்டு அவருடைய முறை அக்டோபரில் அமைந்திருந்தது. செபமாலை மாதம் என்பதால் கூட்டம் கூடுதலாகவே வரும்.

ஆனால் ஜூலை மாதத்துக்குள்ளாகவே மர்சலின் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அம்மாதம் அன்பியத்தின் இன்னோர் உறுப்பினரான ரெனிட்டாவின் வீட்டில் கூட்டம். பாயா பரிமாறிக்கொண்டே ரெனிட்டா பேச்சைத் தொடங்கினார்.

"மர்சலின் அக்கா இந்த மாசமும் வரல, பாத்தீங்களா மிஸ்?"

"உடம்புக்கு முடியலையோ என்னவோ" என்றார் ஜூலியட்.

"உடம்புக்கு என்ன? கோயிலுக்கு மட்டும் டாண்ணு வர்றாங்களே. ஸ்டீவ் பெங்களூர்ல ஃபிளாட் வாங்கிட்டான். இனிமே நம்ம வீட்டுப் பிளாஸ்டிக் சேர்ல உக்காருவாங்களா?"

ஞானதாஸ் எலும்பை ஓரமாக வைத்தார். "நானும் பாத்துக்கினுதான் வர்றேன். பூசையில சமாதானம் சொல்ற நேரத்துல எல்லாரும் கைகூப்புறோம். அது இன்னாடான்னா கைப்பையைக் கட்டிப் புடிச்சுக்கினு தலையை மட்டும் ஆட்டுது."

"நற்கருணையைக்கூட இப்பல்லாம் கையில வாங்கறதில்ல. நாக்குலதான். திடீர்னு பக்தி முத்திப்போச்சு. நாமல்லாம் பாவிங்க, கையில வாங்கறோம்" என்றார் ரெனிட்டா.

பூசையில் நற்கருணை அப்பத்தை வழங்க நியமிக்கப்பட்ட, குருக்கள் அல்லாத பொதுநிலையினருள் ஜூலியட்டும் ஒருவர். எல்லோரும் அவரைப் பார்த்தனர். "ஆமாம், என்கிட்டயும் நாக்குலதான் வாங்கினா" என்று அவர் உண்மையைச் சொன்னார். சொன்ன மாத்திரத்தில் அது சாட்சியமாகிவிட்டது. மர்சலினுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்பதில் அதன்பின் ஒருவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஜூலியட்டும் தலையாட்டினார்.

அடுத்த வாரம் கல்லூரியில் அவர் நடத்தவேண்டியிருந்த பாடம், பிறர் செயலுக்கு நாம் காரணம் கற்பிக்கும் முறை பற்றியது. ஒருவர் வண்டியை இடித்துக்கொண்டு முந்திச் சென்றால் அவரைப் பொறுக்கி என்கிறோம். நாமே அப்படி முந்திச் சென்றால் மருத்துவமனைக்கு நேரமாகிவிட்டது என்கிறோம். பிறருடைய செயலுக்கு அவர்களுடைய குணத்தையும், நம்முடைய செயலுக்கு நம் சூழ்நிலையையும் காரணமாக்குவது மனித மனத்தின் பழக்கம். இதைப் பல ஆண்டுகளாக ஒரே எடுத்துக்காட்டோடு சொல்லி வந்த ஜூலியட், அன்று பாதியில் நிறுத்திவிட்டார். நாக்கை நீட்டி நற்கருணை வாங்கிய மர்சலினின் முகம் அல்ல, அவருடைய கைகள் நினைவுக்கு வந்தன. இடக்கை வலக்கையின் மணிக்கட்டை முந்தானைக்குள் பற்றியிருந்தது. நற்கருணையைக் கையில் வாங்குவோர் இட உள்ளங்கையில் ஏந்தி, வலக்கை விரல்களால் எடுத்து உண்ண வேண்டும். கைகூப்புவதற்கும் இரண்டு கைகள் வேண்டும்.

"மேம், அப்புறம்?" என்றாள் முன்வரிசை மாணவி.

"அப்புறம், நாளைக்கு" என்றார் ஜூலியட்.

அன்று மாலை அவர் மர்சலினின் வீட்டுக் கதவைத் தட்டியபோது திறந்தவர் பக்கத்து வீட்டு வஜீஹா. அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கே தையல் கடை நடத்துகிறது. வஜீஹாவின் கையில் சீப்பு இருந்தது. உள்ளே மர்சலின் பாதி பின்னிய சடையோடு நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"போச்சு. உளவியல் வந்துருச்சு" என்றார் மர்சலின்.

"வலது கையைக் காட்டுடி."

"எதுக்கு? ரேகை பாக்கப் போறியா?"

"காட்டு."

மர்சலின் காட்டவில்லை. வஜீஹாதான் அந்தக் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்தார். விரல்கள் அரைகுறையாக மடங்கியிருந்தன. ஏப்ரலில் ஒரு காலை, தேநீர்க் குவளை கையிலிருந்து தானாக நழுவி விழுந்ததாகவும், மந்தைவெளியில் ஒரு மருத்துவரிடம் வஜீஹா அழைத்துச் சென்றதாகவும், சிறிய அளவிலான பக்கவாதம் என்று அம்மருத்துவர் சொன்னதாகவும் மர்சலின் கூறினார். மருந்தும் பயிற்சியும் நடக்கின்றன. நடையில் குறையில்லை, கைதான் சொன்னபடி கேட்பதில்லை.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா ஃபிரெட்ரிக்குக்குத் தெரியும். ஃபிரெட்ரிக்குக்குத் தெரிஞ்சா ஞானதாஸுக்குத் தெரியும். ஞானதாஸ் அரை மணி நேரத்துல ஸ்டீவுக்கு போன் போடுவாரு. அவங்க அப்பா அடக்கத்தன்னிக்கே ஸ்டீவ் சொல்லிட்டான்: உனக்கு ஒருநாள் தனியா முடியலைன்னு தெரிஞ்சா, கேக்கமாட்டேன், கூட்டிட்டுப் போயிடுவேன்னு. பதினோராவது மாடி ஜூலி. லிஃப்ட்ல இறங்குனா கீழ பேச ஒரு ஆள் கிடையாது. நான் இங்கேயே இருக்கணும்டி. அவ்ளோதான் எனக்கு வேணும்."

"கூட்டத்துக்காவது வரலாமே?"

"வந்தா, அக்டோபருக்கு என்ன சமைக்கப் போறீங்கன்னு கேப்பாங்க. உருளைக்கிழங்கைக்கூட உரிக்க முடியல. என்னன்னு சொல்லுவேன்?"

"நான் பண்ணித் தர்றேன்னு சொல்லிக்கினே இருக்கேன் மிஸ்" என்றார் வஜீஹா. "கேக்க மாட்டேங்கறாங்க."

"இவ உருட்டினா அது கபாப் ஆயிடுது. ஞானதாஸ் ஒரு கடியிலே கண்டுபிடிச்சிடுவாரு."

"அல்லா! கபாப்னா என்ன கொறைச்சல்?"

மூவரும் சிரித்தனர். ஆனால், யாரிடமும் சொல்வதில்லை என்று ஜூலியட்டிடம் சத்தியம் வாங்கிய பிறகே மர்சலின் அவரை வெளியே விட்டார். அக்டோபரில் முடியாது என்றால் ஏன் என்ற கேள்வி வரும். அக்கேள்விக்கு விடை வந்தால் ஸ்டீவ் வருவான். இதைத் தவிர்க்க ஒரே வழி, விருந்து என்ற வழக்கத்தையே அக்டோபருக்கு முன் எல்லோருக்குமாக நிறுத்திவிடுவதுதான் என்று ஜூலியட் கணக்கிட்டார்.

ஆகஸ்டில் ஞானதாஸின் வீட்டில் கூட்டம் முடிந்து பிரியாணி வந்தபோது, ஜூலியட் மிகச் சாதாரணமாகச் சொல்வதுபோல், "இனிமே தேநீர் மட்டும் வச்சுக்கிட்டா என்ன? எல்லாருக்கும் சிரமம்தானே?" என்றார்.

கரண்டிகள் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். ஒவ்வொருவர் முகத்திலும், மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற கவனம் தவிர வேறெதுவும் தென்படவில்லை. "சிரமமா? யாருக்கு மிஸ்? எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லையே!" என்றார் ரெனிட்டா. "சந்தோஷமாத்தானே செய்யறோம்" என்றார் ஞானதாஸின் மனைவி. அன்று காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை. எல்லோரும் தலையாட்டினர். "இல்ல, சும்மா கேட்டேன்" என்று சொல்லி ஜூலியட் தம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"பாடம் எடுக்கிறவளே பெயிலாயிட்டியே" என்றார் ஃபிரெட்ரிக், திரும்பி வரும் வழியில்.

"கேட்ட இடம் தப்பு. எல்லார் முன்னாடியும் கேட்டா எல்லாருக்கும் பிடிச்ச பதில்தான் வரும்."

எனவே அவர் தனித்தனியாகக் கேட்டார். மீன் வாங்கும்போது ஒருவரை, பாடற்குழு ஒத்திகை முடிந்து வரும்போது இன்னொருவரை, மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது மற்றொருவரை. விடை எல்லாரிடமும் ஒன்றாகவே இருந்தது. "எனக்கு வேண்டாம்தான் மிஸ். ஆனா மத்தவங்க ஆசையா எதிர்பாக்கறாங்களே!" ஞானதாஸ் சற்றுச் சுற்றி வளைத்தார்: "எனக்கு சுகரு. பிரியாணியைப் பாத்தாலே டாக்டர் மூஞ்சி தெரியுது. ஆனா பொறுப்பாளரே வேணாம்னா நல்லாவா இருக்கும்?" ரெனிட்டாவோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "பாயாவுக்கு முந்தின நாள் ராத்திரியே கால் சுத்தம் பண்ணணும் மிஸ். அழுகையே வந்துருச்சு. என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க." எல்லோரும் அதே வேண்டுகோளை வைத்தனர்.

ஒரு குழுவில் ஒவ்வொருவரும் ஒன்றை உள்ளுக்குள் வெறுத்துக்கொண்டே, தம்மைத் தவிர மற்ற அனைவரும் அதை விரும்புவதாக நம்புவது உண்டு. ஒருவருடைய மௌனத்தை மற்றவர் சம்மதமாகப் படிப்பதால், யாருக்கும் வேண்டாத வழக்கம் எல்லோராலும் காக்கப்படுகிறது. இதற்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு; ஜூலியட் அதைத் தேர்வுக்குக் கேட்பதும் உண்டு. பெயர் தெரிந்ததால் அன்று அவருக்கு எந்தப் பயனும் விளையவில்லை. பெற்ற விடைகள் அனைத்தும் வெளியே சொல்லக் கூடாதவை.

செப்டம்பர் கூட்டம் அவருடைய வீட்டில். எல்லோரும் ஒரே தவற்றைச் சொல்லும்போது ஒருவர் மட்டும் துணிந்து மாற்றிச் சொன்னால் மற்றவர்களுக்கும் துணிவு வரும் என்பது அவர் வகுப்பில் செய்துகாட்டும் சோதனை. சொல்லாமல் செய்துகாட்டுவது என்று முடிவெடுத்தார். தேநீரும் பிஸ்கட்டும் மட்டும்.

"ஒரு மிக்சர் பாக்கெட்டாவது?" என்று ஃபிரெட்ரிக் கெஞ்சினார்.

"கூடாது."

"நாம இந்தச் சந்துல இன்னும் குடியிருக்கணும், ஞாபகம் இருக்கில்ல?"

மன்றாட்டு முடிந்தது. தேநீர் வந்தது. பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. பின்னால் வேறேதோ வரும் என்று எல்லோரும் சமையலறை வாசலைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தனர். எதுவும் வரவில்லை. "நல்ல டீம்மா" என்று ஞானதாஸ் எழுந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்தனர்.

துணிவு யாருக்கும் வரவில்லை. மாறாக, அந்தத் தேநீருக்கும் காரணம் கற்பிக்கப்பட்டது. ஜூலியட்டுக்கும் ஃபிரெட்ரிக்குக்கும் சண்டை என்றார் ஒருவர். ஓய்வு நெருங்குவதால் கை இறுகிவிட்டது என்றார் இன்னொருவர். மறுநாள் காலையில் மீன்காரரின் வண்டி அருகே ரெனிட்டா, "படிச்சவங்க வீட்டுலதான் இப்படி. ஒரு வாழைக்காய் பஜ்ஜி போட எவ்ளோ நேரம் ஆகும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியின் மறுபுறம் இடக்கையில் பையுடன் மர்சலின் நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அன்று மாலை மர்சலின் தாமாகவே ஜூலியட்டின் வீட்டுக்கு வந்தார். ஏப்ரலுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

"எனக்காக நீ கஞ்சப் பேர் வாங்கணுமாடி?"

"ஒரு பேர்தானே. விடு."

"விடமாட்டேன். அக்டோபருக்கு நானும் டீதான் போடப் போறேன். கேட்டா, கையைக் காட்டுவேன்."

"ஸ்டீவ்?"

"வரட்டும். ஒளிச்சு ஒளிச்சு நான் ஏற்கெனவே பதினோராவது மாடியிலதான் இருக்கேன் ஜூலி. யார்கூடவும் பேசறதில்ல."

அக்டோபர் கூட்டத்துக்கு வீடு கொள்ளாத கூட்டம் வந்தது. செபமாலை முடிந்து வஜீஹா தட்டில் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு குவளையையும் மர்சலின் இடக்கையால் எடுத்துக் கொடுத்தார். இடக்கையால் கொடுப்பதைக் கண்ட முதியவர் ஒருவர் வாங்கத் தயங்கினார். ரெனிட்டா பக்கத்திலிருந்தவர் காதில், "இங்கயும் டீதானா?" என்றது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"டீதான் ரெனிட்டா" என்றார் மர்சலின். அவர் வலக்கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். "இது ஏப்ரல்லயிருந்து வேலை செய்யல. கட்லெட்டும் இல்ல, கைகூப்பறதும் இல்ல, நற்கருணையைக் கையில வாங்கறதும் இல்ல. பக்தியெல்லாம் முன்னாடி இருந்த அளவுதான். ஜூலியட் வீட்டுல டீ மட்டும் குடுத்ததும் எனக்காகத்தான்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ரெனிட்டாவின் கண்கள் கலங்கின. முதலில் பேசியவர் ஞானதாஸ். "எனக்கு மூணு வருஷமா சுகரும்மா. இந்த டீயிலயும் சக்கரை கீது. பரவால்ல, குடிச்சிடறேன்."

யாரோ சிரித்தனர். அதன்பின் அடைப்பு விட்டதுபோல் ஆயிற்று. ரெனிட்டா பாயாவுக்காக அழுத இரவைச் சொன்னார். ஞானதாஸின் மனைவி, "எனக்குப் பிரியாணின்னாலே முட்டி வலிக்குது" என்று கணவரைப் பார்க்காமல் சொன்னார். இன்னொருவர், தம் வீட்டுக் கேசரி எப்போதுமே மாமியார் செய்தது என்று ஒப்புக்கொண்டார். முதியவர் தயங்கிய குவளையை வாங்கிக்கொண்டார். இத்தனை ஆண்டுகளும் ஒருவருக்காக ஒருவர் சமைத்து, ஒருவருக்காக ஒருவர் உண்டிருக்கிறோம் என்பது அந்த அரைமணி நேரத்தில் எல்லோருக்கும் விளங்கிற்று. அடுத்த மாதம் முதல் தேநீர் மட்டும் என்று எவரும் அறிவிக்கவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை.

மர்சலினின் கணிப்பும் பொய்க்கவில்லை. அன்றிரவே ஞானதாஸ் பெங்களூருக்கு அழைத்துவிட்டார். சனிக்கிழமை ஸ்டீவ் வந்தான். தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தான். பிறகு அலமாரியின் மேலிருந்த பெரிய பெட்டியைக் கீழே இறக்கி வைத்தான். சேதி பரவி ஜூலியட், ஃபிரெட்ரிக், ஞானதாஸ், ரெனிட்டா ஆகியோர் அங்கே கூடினர். வஜீஹா ஏற்கெனவே அங்கிருந்தார்.

"ஆறு மாசம்மா. ஆறு மாசமா எனக்குத் தெரியாது" என்றான் ஸ்டீவ்.

"தெரிஞ்சிருந்தா இந்தப் பெட்டி அப்பவே இறங்கியிருக்கும்."

"இங்க தனியா விழுந்து கிடந்தா யார் பாப்பாங்க?"

"இன்னா நைனா இப்படிக் கேட்டுட்டே?" என்றார் ஞானதாஸ். "நாங்க எல்லாரும் கீறோம்ல?"

எல்லோரும் தலையாட்டினர். ஸ்டீவ் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "எல்லாரும்னா யாரு மாமா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியின் நியாயம் ஜூலியட்டுக்குத் தெரியும். நடுத்தெருவில் ஒருவர் மயங்கி விழும்போது சுற்றி நிற்போர் பலராக இருந்தால், வேறொருவர் தூக்குவார் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கின்றனர். பொறுப்பு எல்லோருக்கும் பங்கிடப்பட்டு, ஒருவர் பங்குக்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்போது ஒருவர் முகத்தைப் பார்த்து, "நீங்கள் வாருங்கள்" என்று கூப்பிட வேண்டும்.

அவர் ரெனிட்டாவின் பக்கம் திரும்பினார். "ரெனிட்டா, காலையில பால் வாங்க நீதானே போவ?"

"ஆமா மிஸ்."

"இந்த வீட்டைத் தாண்டித்தானே போற?"

"தாண்டித்தான்."

"தினமும் கதவைத் தட்டி, மர்சலின் முகத்தைப் பாத்துட்டுப் போ. நீ வரலைன்னா அன்னிக்கு வேற யாரும் வரமாட்டாங்க. அப்படி நினைச்சுக்கோ."

"நானா?" ரெனிட்டா மர்சலினைப் பார்த்தார். "அக்காவுக்கு நான் வர்றது…"

"அவளா?" என்றார் மர்சலின். "அவ வந்தா என் வீட்டுல என்ன குழம்புன்னு எட்டு மணிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடுமே!"

"தெரியட்டும்மா" என்றான் ஸ்டீவ். "தெரியறதுதான் வேணும்."

"வியாழக்கிழமை கைப்பயிற்சிக்கு மந்தைவெளி போகணும்" என்று ஜூலியட் தொடர்ந்தார். ஞானதாஸ் தமக்குப் பின்னால் யாரேனும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "உங்களைத்தான் அண்ணே."

"என் ஸ்கூட்டர்லயா? சரி, வர்றேன். ஆனா மெதுவாத்தான் ஓட்டுவேன். திட்டக் கூடாது."

"ராத்திரி என் பொறுப்பு" என்றார் வஜீஹா. "ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு. இவங்க ஒரு தட்டு தட்டினா எனக்குக் கேக்கும். இப்பவே சீரியல் சத்தம் கேட்டுக்கினுதானே தூங்கறேன்."

ஸ்டீவ் தாயிடம், "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டான். அவன் அவ்வாறு கேட்டது அதுவே முதல் முறை என்று மர்சலின் பின்னர் சொன்னார்.

"உன் வீட்டுக்கு வருவேன்டா. விருந்தாளியா வருவேன், திரும்பி வருவேன்."

அவன் சற்று நேரம் பெட்டியின் கைப்பிடியை மடக்கியும் நிமிர்த்தியும் கொண்டிருந்தான். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன்" என்றான். "ஒருநாள் யாராவது வரலைன்னு தெரிஞ்சா…"

"ஞானதாஸ் சொல்லிடுவாரு. கவலைப்படாதே" என்றார் மர்சலின்.

ஞாயிறு மாலை வண்டிக்கு அவன் தனியாகக் கிளம்பினான். பெட்டி மீண்டும் அலமாரியின் மேல் ஏறியது.

திங்கட்கிழமை காலையில் மழை. பால் பையைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு ரெனிட்டா கடைசி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அக்கா, கதவைத் திறங்க. நனையறேன்."

"இரு, வலது கையால தாழ்ப்பாளைத் தள்ளிப் பாக்கறேன்."

"மழையில நான் நிக்கும்போதுதான் பயிற்சியா? இடது கையில என்ன வேலை?"

"அவசரம்னா போ. நாளைக்கு வா."

ரெனிட்டா போகவில்லை. உள்ளே தாழ்ப்பாள் ஒருமுறை அசைந்து நின்றது. மீண்டும் அசைந்தது.